சுண்ணாம்பு வாயில் வந்த புண்

தோட்டத்து வட்ஸ்அப் குழு ஒன்றிலாவது நீங்கள் இருந்தால் இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். புற்றுநோய் அமிலமான உடம்பில்தான் வளருமாம். உடம்பைக் காரத்தன்மைக்கு மாற்றிவிட்டால் அது தானாகச் செத்துப்போகுமாம். அதனால் தினமும் வெறும் வயிற்றில் அப்பச்சோடா கரைத்த தண்ணி குடிக்கணுமாம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கொடுத்தார்களாம்.

எங்க அம்மாயி இதைக் கேட்டுத்தான் மூணு மாசம் கிளினிக் பக்கமே போகல. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை, அதன் நடுவில் ஆறாத புண். டவுனில் ஒருத்தர் காரத்தண்ணி என்று போத்தலில் விற்றார், அது லயத்து வாசலுக்கே வந்தது. கிளினிக் போவதென்றால் கூட்டிக்கொண்டு போகும் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, பஸ் காசு வேற. அக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் ரெண்டு பேரும் கம்பஸில் இருந்தோம். லீவுக்கு வந்து அந்தப் புண்ணைப் பார்த்த பிறகுதான் பயொப்சி, அப்புறம் கினிகத்தேனை, அவிசாவளை வழியாக மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை, ஒப்பரேஷன், ரேடியேஷன் எல்லாம். அம்மாயி இருக்காங்க. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுறாங்க, உறைப்பு வாயில் வைக்க முடியாது.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நாங்கள் ஓ.எல். விஞ்ஞானத்தோடு நின்றவர்கள்தான். ஆனால் அந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை என்று தெரியாமல் எங்களால் தூங்க முடியவில்லை. தேடிப் படித்தோம். வேடிக்கை என்னவென்றால், அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

அந்த ஜெர்மன்காரர் ஓட்டோ வார்பர்க். 1920களில் அவர் ஒன்றைக் கவனித்தார். சாதாரண கலம் ஒட்சிசன் இருக்கும்போது குளுக்கோசை முழுசாக எரித்துச் சக்தி எடுக்கும். கட்டியில் உள்ள கலமோ ஒட்சிசன் இருந்தாலும் குளுக்கோசை அள்ளி அள்ளித் தின்று அரைகுறையாக உடைத்து லக்டிக் அமிலமாக்குகிறது. ஆக அமிலம் உண்மைதான். ஆனால் 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது கலங்களின் சுவாச நொதியம் பற்றிய வேலைக்கு. சோடாத் தண்ணிக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

இவ்வளவு அமிலத்தை உண்டாக்கும் கலம், அது உள்ளேயே தேங்கினால் செத்துவிடும். அதனால் அது அமிலத்தை உள்ளே வைத்துக்கொள்வதே இல்லை. கலத்தின் மென்சவ்வில் இருக்கும் பம்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. என்.எச்.இ.1 என்ற புரதம் ஒரு சோடியத்தை உள்ளே எடுத்து ஓர் ஐதரசன் அயனை வெளியே தள்ளும். எம்.சி.டி.4 லக்டிக் அமிலத்தை வெளியே கொண்டுபோய் விடும். கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 9 என்ற நொதியம் கலத்தின் வெளிப்பக்கம் உட்கார்ந்து, வெளியேறும் காபனீரொட்சைட்டைத் தண்ணீரோடு சேர்த்து இரண்டாகப் பிரிக்கும். காரமான பைகாபனேற்று உள்ளே திரும்பும், அமிலம் வெளியிலேயே நிற்கும். கட்டிக்குள் ஒட்சிசன் குறையும்போதுதான் இந்த நொதியம் கூடுதலாக உருவாகிறது. ஒட்சிசன் குறைவதைக் கலம் எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். சாதாரண கலத்தின் உள்ளே பி.எச். பெறுமானம் சுமார் 7.2, வெளியே 7.4. புற்றுநோய்க் கலத்தில் இது தலைகீழ். உள்ளே 7.4 அல்லது அதற்குச் சற்று மேல், வெளியே 6.8 மாதிரி இறங்கிவிடும். சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் 7.4இலிருந்து 6.8க்கு இறங்கினால் அமிலம் நாலு மடங்கு. அதாவது செய்தி சொல்வதற்கு நேர்மாறாக, நோயுள்ள கலம் உள்ளே காரமாகத்தான் இருக்கிறது, அந்த நிலைதான் அது வேகமாகப் பெருக உதவுகிறது.

லயத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது லேசு. தன் காம்பிராவைப் பளிச்சென்று கழுவி, அழுக்குத் தண்ணியைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடும் ஆளை நமக்குத் தெரியும்தானே? கட்டி செய்வது அதுதான். அந்த அழுக்கில் பக்கத்து நல்ல கலங்கள் சாகின்றன, இழையம் கரைந்து கட்டி பரவ வழி கிடைக்கிறது, நோயெதிர்ப்புக் கலங்கள் சோர்கின்றன. டொக்சோரூபிசின் மாதிரி சில மருந்துகள்கூட அந்த அமிலத்தில் மாட்டி, கலத்துக்குள் போக முடியாமல் நிற்கின்றன. புற்றுநோய்க் கலம் மட்டும் அங்கே பழகிப்போய் நிற்கும். தேயிலையும் அப்படித்தானே, 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண்ணில் செழிக்கும். அதே மண்ணில் பல மரக்கறிகள் தவிக்கும். மண் அதற்கும் கீழே புளித்தால், கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவார்கள்.

அப்படியானால் உடம்புக்கும் டொலமைட் மாதிரி சோடா போடலாமே? நாங்களும் அதைத்தான் முதலில் யோசித்தோம். மண்ணுக்குச் சுவாசப்பையும் சிறுநீரகமும் இல்லை, நமக்கு இருக்கு. குருதியின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி அவை ராவும் பகலும் பார்த்துக்கொள்கின்றன. குடித்த சோடா வயிற்று அமிலத்தோடு தீர்ந்துவிடும், மிச்சம் சிறுநீரில் போய்விடும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளுக்குக் குடிதண்ணியில் பைகாபனேற்று கொடுத்தபோது நோய் பரவுவது குறைந்தது உண்மைதான். ஆனால் மனிதரின் எடைக்கு அந்த அளவு, தினமும் குடித்துத் தாங்கக்கூடியது கிடையாது. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அவ்வளவு சோடியம் ஆபத்து. அந்தப் பம்பிகளை மருந்தால் அடைக்கப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அதுதான் சரியான கதவு, போத்தல் தண்ணி அல்ல.

இவ்வளவும் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். காரம் புற்றுநோயைக் கொல்லும் என்றால், நாற்பது வருஷம் சுண்ணாம்பு வைத்த வாயில் ஏன் வந்தது? நீறிய சுண்ணாம்பு பி.எச். 12ஐத் தொடும். கொழுந்தெடுக்கும் மலையில் குளிருக்கும் பசிக்கும் வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு, பொகல என்று மென்று, அதை அடக்கி வைத்த அதே கன்னத்தில்தான் அம்மாயிக்குப் புண் வந்தது. சுண்ணாம்பின் காரம் பாக்கில் உள்ள நச்சை இன்னும் கிளப்பிவிடுகிறது. பொகல இல்லாத வெத்தலயும், பாக்கு தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே எழுதிவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

எங்களுக்குக் கோபம் எங்கே என்றால், பொய் அம்மாயியிடம் நல்ல தமிழில், குரல் பதிவோடு வந்தது. உண்மை கிளினிக் புத்தகத்தில் ஆங்கிலத்திலும், வாட்டில் சிங்களத்திலும் இருந்தது. அம்மாயி முட்டாள் இல்லை. அவங்களுக்குப் புரிகிற பாஷையில் பேசியவனை நம்பினாங்க, அவ்வளவுதான். மொழியைப் படிக்கிற எங்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். வெத்தல போடுற பெரியவங்களை உட்காரவைத்து, போன் டோர்ச் அடித்து, கன்னத்தின் உட்பக்கமும் நாக்கின் ஓரமும் அடியும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்ன மாதிரி வாய் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரி பல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே காசு வாங்க மாட்டார்கள். போகிற பேரை நினைத்து அம்மா தயங்கினால், நீங்களே கூடப் போங்கள்.