முதலில் காற்று, அப்புறம் மூச்சு



இந்த மாதச் சுவரிதழுக்கு உடல்நலம் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி தமிழம்மா கேட்டார்கள். கீரையின் பயன்கள் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கெமிஸ்ட்ரி லேபில் எனக்கு என்ன ஆச்சு என்று நம் பள்ளியில் ஏகப்பட்ட கதை ஓடுகிறது. சாப்பிடாம வந்து மயங்கிட்டா என்று சிலர். ஆசிட் பட்டுடுச்சு என்று சிலர். என் காதில் விழுகிற மாதிரியே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிலர். சரி, நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது அப்படி ஆனால் பயன்படும்.

அந்த ராத்திரி

2023ஆம் வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு லீவுக்கு எண்ணூர் பெரியகுப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரம் முழுக்கப் படிந்திருந்த நேரம் அது. மாமா கடலுக்குப் போகாமல் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 26 காலையில் கடற்கரையில் பால் ஊற்றிப் பூ போட்டார்கள். 2004 சுனாமி வந்த நாள் அல்லவா. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி நெருக்கத்தில் எல்லோரும் இருமிக்கொண்டே எழுந்தோம். கண் எரிகிறது, தொண்டை எரிகிறது, மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. தெருவில் கதவைத் தட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். "கேஸ் லீக்காயிடுச்சு, எழுந்திரு, எழுந்திரு!" அத்தையின் சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. கிடைத்த ஆட்டோவிலும் வண்டியிலும் ஜனங்கள் ஏறினார்கள்.

கப்பலிலிருந்து ஒரு உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகிற கடலடிக் குழாயில் கசிவு என்று மறுநாள்தான் தெரிந்தது. பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் ராயபுரம் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

லேபில் நடந்தது

இந்த வருஷம் லேபில் உப்புப் பகுப்பாய்வு. எனக்கு வந்த உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடு பண்ணினேன். குப்பென்று ஒரு வாசனை வந்தது. அதே வாசனை. அம்மோனியா!

அடுத்த நொடி நெஞ்சு தடதட என்று அடித்துக்கொண்டது. காது அடைத்தது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல் இருந்தது. மூச்சு பத்தவில்லை, பத்தவில்லை என்று இழுத்து இழுத்து விட்டேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். டெஸ்ட் டியூபை ஸ்டாண்டில் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே தோழிகளே, நான் மயங்கி விழவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன்.

சாயந்திரம் நைனா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். டாக்டரம்மா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இதுக்கு முன்னாடி அந்த வாசனையை எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்று கேட்டார். எண்ணூர் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதுவரைக்கும் அந்த ராத்திரிக்காக நான் ஒரு தடவைகூட அழுததில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும். ஓடுவதற்காக இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். ஓட வேண்டிய இடத்தில் அது நல்லதுதான். ஓடாமல் நின்றுகொண்டே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமிலவாயு அளவுக்கு மேல் குறைந்துவிடும். அதனால்தான் தலைசுற்றல், மரமரப்பு எல்லாம். மூச்சு பத்தவில்லை என்று தோன்றுமாம், உண்மையில் தேவைக்கு மேல் விட்டுக்கொண்டிருப்போமாம். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டுத் தானாக இறங்கிவிடுமாம். "இதுல உயிர் போகாது. ஆனா இதுக்குப் பயந்து எல்லாத்தையும் விட்டு ஒதுங்க ஆரம்பிச்சா இது வளரும்" என்றார்.

நான் செய்த தப்பு

அவர் எதைச் செய்யாதே என்றாரோ அதையேதான் செய்தேன். அடுத்த ப்ராக்டிகலுக்கு வயிற்றுவலி என்று லீவு. அதற்கடுத்த வாரம் தலைவலி. லேப் பக்கமாகப் போகிற வராந்தாவில்கூட நடக்கவில்லை, சுற்றிப் போனேன். நர்சிங் படிக்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்து சயின்ஸ் குரூப் வாங்கியவள், "நைனா, காமர்ஸ் மாத்திக்கட்டா?" என்று கேட்டேன்.

நைனா காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை செய்கிறார். ஐஸ் பேக்டரியில் குளிரூட்டுவதற்கு அம்மோனியாதான் ஓடுகிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் வீட்டுச் சோறே அந்த வாசனையிலிருந்துதான் வருகிறது!

நைனா திட்டவில்லை. "வாசனை வந்தா நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா கண்ணு? மொதல்ல ஓட மாட்டேன். நிஜமா லீக்கா, இல்ல சும்மா லேசா வருதான்னு பாப்பேன். லீக்குன்னா அப்புறம் யோசனையே கெடையாது. துணிய நனைச்சு மூக்குல வெச்சிக்கினு, காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்கால வெளிய வந்துருவேன். அம்மோனியா தண்ணிக்கு அடங்கும். சும்மா வாசனைன்னா வேலையப் பாப்பேன்" என்றார்.

மூச்சுப்பயிற்சி பற்றி எத்தனையோ பேர் சொல்லித் தருகிறார்கள். முதலில் காற்றைப் பார் என்று சொன்னது எங்கள் நைனா ஒருத்தர்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். காற்றே கெட்டிருக்கும்போது கண்ணை மூடி பிராணாயாமம் செய்யக்கூடாது. எழுந்து போக வேண்டும். காற்று நன்றாக இருந்தும் உடம்பு பயந்தால், அப்போதுதான் மூச்சுப்பயிற்சி.

ஆயா வைத்தியம்

எங்கள் ஆயாவுக்கும் 2004லிருந்து படபடப்பு உண்டு. கடல் சத்தம் கொஞ்சம் கூடினால் கை நடுங்கும். அவர் வைத்தியம் சீரகத் தண்ணி. வெதுவெதுப்பாக ஒரு லோட்டாவில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து மிடறு மிடறாகக் குடிப்பார். "கடகடன்னு குடிச்சா பலிக்காதுடீ" என்பார். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். சீரகத்தால் பயம் போகும் என்று சொல்ல முடியாதாம். ஆனால் விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும், மிடறு மிடறாகக் குடித்தால் வேகமாக மூச்சு விட முடியாது, அதனால் ஆயா செய்வது சரிதான் என்றார். ஆயாவுக்கு ஒரே பெருமை.

பக்கத்து வீட்டு அக்கா அமுக்கரா சூரணம் சாப்பிடச் சொன்னார். அதைக் கேட்டதும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூலிகையும் மருந்துதான், அமுக்கரா சிலருக்குக் கல்லீரலையும் தைராய்டையும் பாதிக்கலாம், நீயாக வாங்கிச் சாப்பிடாதே, வேண்டுமானால் அரும்பாக்கம் அண்ணா அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவரைப் பார்த்துக் கேள் என்றார். பரீட்சை சமயத்தில் நான் குடிக்கிற ஸ்ட்ராங் காபியையும் நிறுத்தச் சொன்னார். காபி படபடப்பைக் கூட்டுமாம். துளசித் தண்ணியும் இஞ்சி டீயும் மனசுக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பி.டி. மிஸ் சொல்லித் தந்தது

மறுபடி லேபுக்குப் போக ஆசை, ஆனால் பயம் என்று பி.டி. மிஸ்ஸிடம் போய் நின்றேன். தினமும் பிரேயருக்கு முன் பத்து நிமிஷம் சொல்லித் தந்தார்கள். அவை இவைதான்:

1. மூச்சை வெளியே விடுவதில்தான் விஷயம். நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு. நாலு முடியாவிட்டால் மூன்று, ஆறு. வெளியே விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும் என்பது விஞ்ஞானம். திருமூலர் திருமந்திரத்தில் சொன்ன கணக்கிலும் இழுப்பது 16 மாத்திரை, விடுவது 32 மாத்திரை. இரண்டு பங்கு! நடுவில் 64 மாத்திரை அடக்குவதும் அதில் உண்டு. அதை நாமாகச் செய்து பார்க்கக்கூடாது.

2. இரட்டை இழுப்பு. மூக்கால் ஒரு முறை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாயால் நீளமாக விட வேண்டும். அழுது முடித்த குழந்தை தேம்பிப் பெருமூச்சு விடுமே, அது போல. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2023ல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினம் 5 நிமிஷம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை நன்றாக முன்னேறியிருந்தது.

3. பிராமரி. வாயை மூடி வண்டு மாதிரி "ம்ம்ம்" என்று ரீங்காரம். பஸ்ஸில் செய்தால் சிரிப்பார்கள், வீட்டில் செய்யலாம்.

4. முட்டிபோட்டு உட்கார்ந்து, குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கிற சசாங்காசனம். வகுப்பில் என்றால் டெஸ்க் மேல் கைகளை மடித்து நெற்றியை வைத்துக்கொண்டாலே போதும்.

5. முகத்தில் குளிர்ந்த தண்ணீர். இதயத் துடிப்பு குறையும்.

"படபடப்பு வர்ற அன்னிக்கு மட்டும் செஞ்சா பலிக்காது. தினம் செஞ்சாதான் அன்னிக்குக் கை குடுக்கும்" என்பார் மிஸ். யோகா எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடையாது என்றும் சொன்னார். நம் சென்னையிலேயே தேசிகாச்சார் தன் தந்தை கிருஷ்ணமாச்சாரியார் பெயரில் 1976ல் யோக மந்திரம் தொடங்கினார். ஆளுக்கேற்றபடி யோகாவை மாற்ற வேண்டும், யோகாவுக்கேற்றபடி ஆளை வளைக்கக்கூடாது என்பது அங்கே பாடமாம். எனக்குக் கண்ணை மூடினால் அந்த ராத்திரி ஞாபகம் வருகிறது என்றேன். "சரி, கண்ணைத் திறந்துகிட்டே செய்" என்றார். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

மறுபடியும் லேப்

போன மாதம் போனேன். கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம் முன்னாடியே சொல்லி ஜன்னல் பக்கம் இடம் கேட்டேன். உப்பு, கரைசல், சூடு. வாசனை வந்தது. நெஞ்சு தடதட என்று ஆரம்பித்தது.

நைனா சொன்னபடி முதலில் காற்றைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருக்கிறது. யாரும் இருமவில்லை. மிஸ் அமைதியாக நிற்கிறார். என் கையில் இருப்பது ஒரு சிட்டிகை உப்பு. குழாய் இல்லை, கப்பல் இல்லை. சரி, காற்று நல்ல காற்று. இப்போது மூச்சு. நாலு, எட்டு. நாலு, எட்டு. முதல் மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை. விரல் மரத்துப்போகத்தான் செய்தது. ஐந்தாவதோ ஆறாவதோ, அலை கரையில் உடைந்து திரும்புவது போல மெல்ல இறங்கியது. என் பெஞ்சுத் தோழி ஒன்றும் பேசாமல் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் நன்றி.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை டெஸ்ட் டியூப் வாயருகே பிடித்தேன். வெள்ளைப் புகை எழுந்தது. ரெக்கார்டு நோட்டில் நானே எழுதினேன்: "அடர்ந்த வெண்புகை. அம்மோனியம் உள்ளது."

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு நெஞ்சு அடித்தது. ஆனால் நான் காமர்ஸ் மாறவில்லை. அத்தை வீட்டுக்கு மட்டும் இன்னும் ராத்திரி தங்கப் போகவில்லை. அரையாண்டு லீவில் போகலாம் என்றிருக்கிறேன்.

தோழிகளே, கடைசியாக ஒன்று. நம் மூச்சு நம் கையில் இருக்கிறது, பழகினால் வரும். ஆனால் காற்று நம் கையில் மட்டும் இல்லை. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பெரியவர்கள் கையில், பெரிய பெரிய ஆலைகள் கையில் இருக்கிறது. நாம் மூச்சுப்பயிற்சி செய்கிறோம் என்பதற்காக அவர்கள் தங்கள் வேலையைச் செய்யாமல் இருக்கக்கூடாது.

இனி யாராவது படிக்கட்டில் இப்படி உட்கார்ந்திருந்தால் "கீழ்ப்பாக்கம்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள்.



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி

உங்களுக்குத் தெரியுமா?

* கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. இந்தியாவின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. அது கேலிப் பெயர் அல்ல, ஆஸ்பத்திரி.

* மனசு சரியில்லை என்றால் 14416க்கு (டெலி மானஸ்) இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். சிறுவர் உதவிக்கு 1098.

* நெஞ்சுவலி, மயக்கம், இழுப்பு இருந்தால் மூச்சுப்பயிற்சி செய்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முதலில் டாக்டர். இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் இன்ஹேலரை நிறுத்தக்கூடாது.