மேப்பிள் பாகுக்கு எத்தனை யூனிட்?

மாசசூசெட்ஸிலிருந்து.

நாற்பதை எட்டும் வயதில் நர்சிங் படிக்கப் போனேன். இந்தக் கோடையில் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் முகாம் ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஏரி, பைன் மரங்கள், மரக் குடில்கள், ஊர்ப்பட்ட கொசு.

சர்க்கரை என்றால் நமக்குப் பெரியப்பாக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இந்தக் குழந்தைகளுக்கு இருப்பது முதல் வகை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, பத்தியத்தால் போகப்போவதுமல்ல. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியே ஆகவேண்டும்.

நான் பயிற்சி பெறும் மருத்துவமனையில் இன்சுலினை எடுத்தால் இன்னொரு நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே போடலாம். அவ்வளவு அபாயமான மருந்து. முகாமின் காலைச் சாப்பாட்டு மேசையிலோ ஒன்பது வயதுக்காரி ஒருத்தி மனக்கணக்குப் போடுகிறாள்: பான்கேக் இரண்டுக்கு 30 கிராம் மாவுச்சத்து, பாலுக்கு 12, மேப்பிள் பாகுக்கு 26. மொத்தம் 68. அவளுக்கு 15 கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின், ஆக நாலரை. “ஆனா இப்போ நீச்சல் இருக்கு, நாலு போதும்” என்கிறாள். உடற்பயிற்சி சர்க்கரையை இறக்கும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன், அவள் உடம்பில் படித்திருக்கிறாள். நர்ஸ் குறிப்பேட்டைப் பார்த்துத் தலையசைத்ததும் தானே போட்டுக்கொள்கிறாள்.

இப்படி நோயாளி கையிலேயே வைத்தியத்தைக் கொடுப்பது புதுமை அல்ல. டொரான்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தது 1921இல். அதற்கும் முன்பே, 1918இல், பாஸ்டன் டாக்டர் எலியட் ஜாஸ்லின் நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து படிக்க ஒரு கையேடு எழுதிவிட்டார். கற்றுக்கொடுப்பதற்கென்றே நர்ஸ்களை வீடுவீடாக அனுப்பியவரும் அவர்தான். இப்படி முகாம் நடத்துவதும் புதிதல்ல. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடம் இதே மாநிலத்து நார்த் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே 1932இல் சர்க்கரை நோயுள்ள சிறுமிகளுக்காக முகாம் தொடங்கினார்கள்.

எங்கள் முகாமில், பகலில் ஆடிய ஆட்டத்துக்கு உடம்பு ராத்திரியில்தான் கணக்குத் தீர்க்கும். சர்க்கரை இறங்கினால் கையில் ஒட்டிய சென்சார் அலறும். ஆனாலும் டார்ச்சோடு குடில் குடிலாகப் போய்ப் பார்ப்போம். சர்க்கரை அளவு 70க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரையுள்ள சின்ன ஜூஸ் டப்பா, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. பாதித் தூக்கத்தில் உறிஞ்சிவிட்டுப் புரண்டு படுக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் நமக்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடம் நகராது. வீட்டில் இதை ஆண்டுக்கணக்காகத் தனியாகச் செய்யும் தாய்மாரை நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு தாய் நம்மூர்க்காரர். மகளை விட வந்தபோது, நான் தமிழ் என்றதும் ஓரமாக அழைத்துப்போய், “ஊர்ல மாமியாருக்குக்கூடச் சொல்லலைங்க. பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வருமில்ல” என்றார். பதினொரு வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிய கவலை! எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது நாம்தானே.

அந்தச் சிறுமி முதல் நாள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அங்கே குழந்தைகள் எல்லார் உடம்பிலும் சென்சாரோ இன்சுலின் பம்ப்போ. பணியாளர்களிலும் பாதிப்பேர் இதே நோயோடு வளர்ந்தவர்கள். யாருக்காவது சர்க்கரை ‘லோ’ ஆனால் ஆட்டம் தானாக நிற்கும். அவன் ஜூஸ் குடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்து அரட்டையடிப்பார்கள். பரிதாபப்பட யாருக்கும் தோன்றவில்லை. சீக்கிரமே முழுக்கைச் சட்டை பெட்டிக்குள் போனது. அம்மா மட்டுமே போட்டுவந்த ஊசியைத் தோழிகள் சூழ நின்று எண்ண, தானே தொடையில் போட்டுக்கொண்டாள்.

அழைத்துப்போக வந்த அம்மா என்னிடம், “ராத்திரி எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? எவ்வளவு இருந்துச்சு? டோஸைக் குறைச்சாங்களா?” என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“ஆன்ட்டியை ஏம்மா கேக்குறீங்க? என்னைக் கேளுங்க” என்றாள் மகள், குறிப்பேட்டைத் திறந்தபடி.