பனிக்கு ஒரு பிரெட் கவர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், யு.எஸ். 34 நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்டான்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். காபிப் பாத்திர வடிவில் ஊரார் செய்து வைத்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்துவதுண்டு. மற்றபடி சோளக்காடும் சோயாக் காடும்தான். 2015 ஜனவரி 20 அன்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் கால்கள் நாடு முழுக்கப் பேச்சாயின. அதிபர் ஒபாமாவின் ஆண்டு உரைக்கு எதிர்க்கட்சி சார்பில் பதில் சொன்ன, இங்கே வளர்ந்த செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட், சிறுவயதில் தனக்கு நல்ல ஷூ ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது என்றார். மழை நாளில் அம்மா அதன்மேல் பிரெட் கவரை மாட்டி அனுப்புவார். பள்ளிப் பேருந்து முழுக்க அப்படிக் கவர் மாட்டிய கால்களாகவே இருந்ததால் தனக்கு வெட்கம் தோன்றியதில்லை என்றும் சொன்னார். ஒரு தரப்பு அதை உழைப்பாளிகளின் ஒழுக்கத்துக்குச் சான்றாகக் கொண்டாடியது. இன்னொரு தரப்பு காலில் கவரை மாட்டிப் படம் எடுத்துப் போட்டுக் கேலி செய்தது. அவருடைய உறவினர்கள் அரசு வேளாண் மானியம் வாங்கிய கதையையும் தோண்டி எடுத்தது. கொண்டாடியவர்கள், கேலி செய்தவர்கள் இருவருமே அந்தக் கவரை நன்னடத்தைச் சான்றிதழாகத்தான் பார்த்தார்கள்; சான்றிதழ் அசலா போலியா என்பதில்தான் சண்டை. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பனிநாட்டில் கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை காலில் என்ன போட்டது என்பதை அந்த வீட்டின் குணம் தீர்மானிக்கவில்லை. அந்த ஊரில் எது மிச்சமாகக் கிடந்ததோ அதுதான் தீர்மானித்தது.

முதலில் அந்த ஊர்க் குளிரைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பனி என்றாலே குளிருக்குத்தான் பயப்படுவார்கள். தெற்கு அயோவாவில் ஜனவரிப் பகல் பெரும்பாலும் சுழியை ஒட்டியே நிற்கும். இரவில் சுழிக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்கும். பகலில் இளகி, இரவில் உறைந்து, மறுநாள் சாலையில் தூவிய உப்போடு கலந்து, கஞ்சிப் பதத்தில் கிடக்கும் பனி அது. காலுக்கு எதிரி இந்த ஈரம். நனைந்த காலுறை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோல் ஷூ நனைந்தால் இரவுக்குள் காயாது. கணப்புக்குப் பக்கத்தில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். எர்ன்ஸ்ட் சொன்னது மழை நாளைப் பற்றி; அந்த வட்டாரத்திலும் அதற்கு வடக்கே கனடா வரையிலும் உள்ளவர்களின் பனிக்கால நினைவுகளிலும் இதே கவர் வருகிறது. மாட்டும் முறையில் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபாடு. சில வீடுகளில் காலுறைக்கு மேல் கவர், அதற்கு மேல் ஷூ. சில வீடுகளில் ஷூவுக்கு மேல் கவர், அதற்கு மேல் பக்கிள் வைத்த ரப்பர் பூட்ஸ். ரப்பரின் உட்புறம் ஷூவைப் பிடித்துக்கொள்ளும், ஆறு வயதுப் பிள்ளையால் தானாகக் கழற்ற முடியாது. கவர் இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், வழுக்கிக்கொண்டே வெளியே வரும். முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் வெளியே விளையாட அனுப்பி, ஒரே நேரத்தில் உள்ளே அழைக்க வேண்டிய ஆசிரியைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு ரப்பர் பேண்ட். கவரில் அச்சடித்த கம்பெனிப் பெயர் தெரியக்கூடாது என்றால் உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்வது. வேலை முடிந்தது.

இனி அந்தக் கவர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். பாலித்தீன் 1933-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகப் பிறந்தது. அமெரிக்கக் கடை ரொட்டி அதற்குப் பிறகும் நெடுநாள் மெழுகுத் தாளில்தான் சுற்றி வந்தது. பாலித்தீன் பை பரவலானது 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும்; பையின் வாயைப் பிடிக்கும் அந்தச் சின்னத் தட்டைக் கிளிப்பையும் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் ஃபிளாய்ட் பாக்ஸ்டன் என்பவர் 1952-ல்தான் உருவாக்கினார், அதுவும் ஆப்பிள் பைகளுக்காக. ஆகவே 1930-களின் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பிரெட் கவர் நினைவே இருக்க வழியில்லை. அந்தப் பிள்ளையின் ஷூவில் ஓட்டை விழுந்தால் உள்ளே அட்டை வெட்டி வைத்தார்கள், செய்தித்தாளை மடித்துத் திணித்தார்கள். வீட்டிலேயே ரொட்டி சுட்ட, இன்னும் ஏழையான குடும்பத்துக்கும் கவர் கிடையாது. ஆலை ரொட்டியைக் கடையில் வாங்கும் அளவுக்கு நாடு செழித்த பிறகே, வாரத்துக்கு இரண்டு மூன்று நல்ல கவர்கள் சும்மா வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஷூவோ அப்போது உள்நாட்டில் தைத்தது, விலை கூடியது; பிள்ளையின் காலோ ஒரு குளிர்காலத்துக்குள் அடுத்த அளவுக்குப் போய்விடும். விலையேறிய ஷூவும் விலையில்லாத கவரும் ஒரே வீட்டில் சந்தித்த இருபது முப்பது ஆண்டுகளின் பழக்கம் இது. வறுமையின் சின்னம் என்று எல்லோரும் சொல்லும் பொருள், உண்மையில் பெருக்கத்தின் குப்பை.

ஒரே ஓர் ஊரை வைத்து இப்படிச் சொல்லிவிடலாமா என்று கேட்கலாம். ஜப்பானின் மேற்குக் கரையில் நீகாத்தாவுக்குப் போவோம். சைபீரியக் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதிக் கொட்டும் இடம். அங்குள்ள தகாடாவில் 1945 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியின் உயரம் 377 சென்டிமீட்டர். மாடி ஜன்னல் வழியாகத்தான் தெருவுக்கு வர வேண்டும். இதே நீகாத்தா நல்ல நெல்லுக்கும் பெயர் போனது. நெல் விளைகிற ஊரில் எது மிச்சமாகும் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் வைக்கோலை மாட்டுக்குப் போட்டோம், கூரை வேய்ந்தோம், பிரி திரித்தோம். அவர்கள் அதோடு பூட்ஸும் பின்னினார்கள். அறுவடை முடிந்து பனி மூடிய மாதங்களில், அடுப்பங்கரையைச் சுற்றி உட்கார்ந்து, வைக்கோலை மரச்சுத்தியால் தட்டித் தட்டி நாரை இளக்கி, முழங்கால் வரை வருகிற காலணியாகப் பின்னுவார்கள். வைக்கோல் தாளுக்குள் இருக்கிற காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். நனைந்தால் அடுப்புக்கு மேலே தொங்கவிடலாம். நைந்தால் வேறொன்று பின்னலாம். சியோசாவா ஊர்த் துணி வணிகர் சுசுகி போகுஷி, 1837 முதல் வெளிவந்த தன் 'ஹொகுயெட்சு செப்பு' நூலில் இந்தப் பனிநாட்டு வாழ்க்கையைப் படங்களோடு பதிந்து வைத்தார். அவர் நினைவாக அதே ஊரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் நாட்டில் காஷ்மீரத்து உழவர்களும் நெல் வைக்கோலில் செருப்பு முடைந்தார்கள், அதற்குப் பெயர் புல்ஹோர். ஜப்பானிய உழவரும் காஷ்மீர உழவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றதில்லை. இருவர் களத்திலும் வைக்கோல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு ரப்பர் பூட்ஸ் மலிந்தது; அறுவடை இயந்திரம் வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது. பின்னுவதற்கு நீள வைக்கோலும் இல்லை, தேவையும் இல்லை. சிக்கனக் குணம் ஒரே தலைமுறையில் ஜப்பானியரை விட்டு ஓடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

ரஷ்யா இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல் தருகிறது. அங்கே குளிர்காலக் காலணி வாலென்கி. ஆட்டு ரோமத்தை வெந்நீரில் நனைத்து, அடித்துச் சுருக்கி, ஒட்டுத்தையல் இல்லாமல் செய்த கம்பளி பூட்ஸ். ரோமம் குப்பை ஆகாது; காசு பெறும் பொருள். ஏழைக் குடும்பத்தில் வீட்டுக்கே ஒரு ஜோடிதான், முதலில் எழுந்தவருக்கு அது என்பது அங்கே வழங்கும் கதை. இடது வலது வேறுபாடு இல்லாமல் செய்ததால் காலை மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். அடி தேய்ந்தால் பழைய வாலென்கியிலிருந்து வெட்டிய துண்டையே வைத்துத் தைக்கலாம். என் வாதத்தை இது முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கொஞ்சம் திருத்துகிறது. மலிவான மிச்சம் எதுவும் தாங்காத குளிரில் விலையுள்ள பொருளைத்தான் வாங்கியாக வேண்டும். அப்போது சிக்கனம் பொருளிலிருந்து முறைக்கு, பங்கிடுவதற்கும் ஒட்டுப் போடுவதற்கும் நகர்ந்துவிடுகிறது. சுழிக்குக் கீழே 20 டிகிரியில் பனி மாவு போல உலர்ந்திருக்கும், கம்பளியை நனைக்காது. மார்ச் மாதத்தில் இளகும்போதுதான் வாலென்கி தோற்கும். அதற்குத்தான் மேலே மாட்டும் ரப்பர் கலோஷ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1860-ல் தொடங்கிய ரப்பர் ஆலை அதைச் செய்தே பெயர் வாங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையின் ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் விளைந்தது. பனிநாட்டுக் கால்கள் நனையாமல் இருந்ததில், பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மிச்சம் எல்லா வீட்டிலும்தான் இருந்தது. எல்லாத் தாய்மாரும் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார்களா? போட்டவர்களிடம் ஏதோ ஒரு குணம் இருந்திருக்கத்தானே வேண்டும்? இருந்தது; ஆனால் அதற்கு வரலாறு உண்டு. எர்ன்ஸ்ட் பிறந்தது 1970-ல். அந்தப் பத்தாண்டு அயோவா விவசாயத்துக்கு நல்ல காலம். நில விலை ஏறிக்கொண்டே போனது. அது 1981-ல் ஏக்கருக்கு 2,147 டாலரைத் தொட்டு, 1986-ல் 787 டாலருக்கு விழுந்தது. அதாவது கவர் மாட்டிய காலம் வீழ்ச்சிக்கு முந்தியது. அன்றைய வரவு செலவு மட்டும் அந்தத் தாய்மாரின் கையை இயக்கியிருந்தால் 1970-களில் கவர் குப்பைக்குப் போயிருக்கும். மாட்டிவிட்ட தாய்மாரை வளர்த்தவர்கள் 1930-களைக் கடந்தவர்கள். மாவு ஆலைகள் பூப்போட்ட சாக்கில் மாவு விற்றபோது அந்தச் சாக்கைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தவர்கள். நெருக்கடி போன பின்பும் கை பழகியது போகவில்லை. இதில் புகழ வேண்டியது எது என்று கேட்டால், சம்பளமில்லாத பெண் உழைப்பு என்பேன். கவரைக் கழுவுவது, காலுறைக் குதிகாலில் நூல் பின்னி அடைப்பது எல்லாமே மணிக்கணக்கான வேலை. மேடையில் 'எங்கள் சிக்கனம்' என்று பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மணிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

வெட்கம் தோன்றவில்லை என்ற பகுதியை மட்டும் எர்ன்ஸ்ட் சொன்னபடியே நான் ஏற்கிறேன். பேருந்தே கவர் மாட்டியிருந்தால் யாரைப் பார்த்து யார் வெட்கப்படுவது? இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஆல்டர் மரத்தில் அடிப்பாகம் செதுக்கி, அடியில் இரும்பு லாடம் அறைந்த கிளாக்ஸ் என்ற காலணி எல்லோரும் போட்டது. லாடம் தேய்ந்தால் கடையில் உட்கார்ந்து புதிது அடித்துக்கொண்டு போகலாம். ஈரப்பனி லாடத்துக்கு நடுவே ஒட்டிக் கட்டியாகிக் கால் இடறும். ஆனாலும் தலை குனிய வைத்ததில்லை. அதே வட்டாரத்துத் துறைமுக நகரான லிவர்பூலில் 1890-களில் போலீஸ் உதவியோடு நடந்த தரும அமைப்பு வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளுக்கு உடை கொடுத்தது. பெற்றோர் அடகு வைத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தியே கொடுத்தது. அது புதுத்துணி, பிரெட் கவரைவிடப் பல மடங்கு மேலானது. இருந்தும் முத்திரையைப் போட்டுத் திரிவது ஏழை என்று அறிவித்துத் திரிவதே. அடகுக் கடைக்காரரைத் தடுக்க வேறு வழி இருந்ததா என்று தரும அமைப்பின் பக்கம் நின்றும் கேட்கலாம், கேள்வி நியாயமானதுதான். ஆனால் வெட்கத்தைத் தந்தது பொருளின் தரம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, இதெல்லாம் தப்பிப் பிழைத்தவர்களின் இனிய நினைவு, அந்தக் கவருக்குள் கால் விறைத்த பிள்ளையும் இருந்திருக்கும் என்ற மறுப்பு. இருந்திருக்கும். கவர் வெளி ஈரத்தைத் தடுக்கும், உள்ளே சுரக்கும் வியர்வையையும் அடைத்து வைக்கும், சரளைக்கல்லில் கிழியும், வெளிப்புறம் மாட்டினால் பனிக்கட்டியில் சறுக்கும். ஆனால் வியர்வையை அடைப்பதே ஓர் உத்தியும்கூட. 1950-ல் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில் அமெரிக்க வீரர்கள் பலருக்குக் கால் விரல்கள் பனியில் கருகின. அந்தப் போர்க்காலத்தில் ராணுவம் கொண்டு வந்த குளிர் பூட்ஸில், இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்துக் காற்றுப் புகாமல் மூடினார்கள். வெளி ஈரமும் கம்பளியைத் தொடாது, கால் வியர்வையும் தொடாது. காலுறைக்கு மேல் கவர் போட்டு ஷூவை மாட்டிவிட்ட தாய் செய்ததும் ஏறக்குறைய அதுவே. இன்று அமெரிக்காவில் விற்கும் காலணியில் 98 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. பிள்ளைகளுக்கான பனி பூட்ஸ் மலிந்து கிடக்கிறது, கவருக்கு வேலை இல்லை. குளிர்கால சைக்கிள் ஓட்டிகளும் வேட்டைக்காரர்களும் மட்டும் இன்னும் அதைக் காலுறைக்கு மேல் மாட்டுகிறார்கள். மலையேறிகளுக்கென்று அதே வேலையைச் செய்யும் உறையைக் கடைகள் டாலர் கணக்கில் விற்கின்றன. வாங்குகிறவர்களிடம் யாரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.