பதினோரு மாப்பிள்ளைகள்

அடியே,

சின்னவன் கடை வைக்கப் போகிறான், 'குட் டு கிரேட்' படித்தே ஆக வேண்டும் என்கிறான், வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தாய். காசைக் கரியாக்காதே, என் அலமாரியிலேயே இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் வம்பு பேசிக்கொள்ளலாம்.

ஜிம் காலின்ஸ் 2001-ல் எழுதியது. கூட ஒரு பட்டாளத்தையே வைத்துக்கொண்டு, ஐந்து வருஷம் உட்கார்ந்து, 1,435 அமெரிக்கக் கம்பெனிகளின் ஜாதகத்தைப் புரட்டி, 11 மாப்பிள்ளைகளைப் பொறுக்கினார். சுமாராக ஓடிக்கொண்டிருந்து, பிறகு 15 வருஷம் பங்குச் சந்தையைப் போல மூன்று மடங்காவது பெருகிய கம்பெனிகள். தலைவர் அடக்கமானவராம், ஆட்கள் பொருத்தமானவர்களாம். அதில் ஒரு மாப்பிள்ளை பிலிப் மோரிஸ், சிகரெட் வியாபாரி! நீயோ நானோ பெண் கொடுப்போமா?

கல்யாணத்துக்கு அப்புறம்தான் கதை. ஊர் ஊராகக் கிளை வைத்து எலக்ட்ரானிக் சாமான் விற்ற சர்க்யூட் சிட்டி, 2007-ல் சம்பளம் கூடுதலாக வாங்கிய 3,400 கடை ஊழியர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் இடத்தில் மலிவான ஆள் வைக்கத்தான். மறு வருஷம் நவம்பரில் மஞ்சக் கடுதாசி! வீட்டுக் கடன் சந்தையின் ஃபேனி மேயை அதே 2008-ல் அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் ஆட்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்கு திறந்த கூத்து 2016-ல் சந்தி சிரித்தது. எஃகுக் கம்பெனி நூக்கோர், மளிகைக் கடை குரோகர் மாதிரி ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. பீட்டர்ஸ், வாட்டர்மேன் என்று இரண்டு பேர் 1982-ல் இதே மாதிரி ஒரு புத்தகத்தில் 43 கம்பெனிகளை ஓகோவென்று புகழ்ந்தார்கள். இரண்டே வருஷத்தில் 'பிசினஸ் வீக்' அட்டையிலேயே கேலி செய்துவிட்டது.

சூட்சுமத்தை உடைத்தவர் ஃபில் ரோசன்ஸ்வைக். 2007-ல் அவர் எழுதிய 'தி ஹாலோ எஃபெக்ட்' சின்னவனுக்கு இன்னும் உதவும். லாபம் வந்த பிறகு போய்க் கேட்டால் எல்லாரும் தலைவரைத் தெய்வம் என்பார்கள். நஷ்டம் வந்தால் அதே மனுஷருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். நெட்வொர்க் சாமான் விற்கும் சிஸ்கோ கம்பெனியை அப்படித்தான் 2000-ல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிவிட்டு, மறு வருஷமே தூற்றினார்கள். நம் தெருவில் பாஸான பையன் கெட்டிக்காரன், ஃபெயிலானவன் ஊர் சுற்றி. இரண்டு பேரும் ஒரே டியூஷனுக்குப் போனவர்கள்தானே?

இப்படிப் புத்தகம் எழுதுகிறவர்கள் கூட்டத்தில் உளவியல்காரர் டேனியல் கானமனை மட்டும் சேர்க்க மாட்டேன். நோபல் வாங்கியவர். ஆனாலும் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'வில் ஒரு அத்தியாயத்துக்கு, சொற்பப் பேரை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். உன் வீட்டுக்காரர் இந்த முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா?

புத்தகம் நாளைக்குக் கூரியரில் வரும். ஒவ்வொரு மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலும் அப்புறம் என்ன ஆனான் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். சின்னவன் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்.

உன்
வம்புக்காரி