மாசாய் பஸ்ஸில் மூன்று பேர்

ஜொகூர் பாருவில் யாரிடம் வழி கேட்டாலும் பதில் நிமிடக் கணக்கில்தான் வரும். "பக்கந்தான், பத்து நிமிசம்." அது காடியில் பத்து நிமிடம். பஸ்ஸில் போகிறவர்கள் அதை நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மழை வந்தால் ஆறால்.

2025 டிசம்பரில் மின்சார ரயில் ஜேபி சென்ட்ரல் வரை வந்துவிட்ட பிறகு, கோலாலம்பூரிலிருந்து அங்கே போவது சுலபமாகிவிட்டது. வெளியே வந்தால் புக்கிட் சாகார் நிலையம் மலை மாதிரி நிற்கிறது. அங்கிருந்து உட்லண்ட்ஸ் போக ஐந்து நிமிடம் போதுமாம். எனக்குப் போக வேண்டிய இடம் நாட்டுக்குள்ளேயே, கிழக்கே இருக்கும் மாசாய். கல்லூரியில் என்னோடு ஊடகத்துறை படித்த தோழி அங்கேதான் இருக்கிறாள். கணவர் பாசீர் கூடாங்கில் ஷிப்ட் வேலை, பாக்டரி பஸ்ஸில் போய் வருகிறார். மகளுக்கு நான்கு வயது. ஏழு மாதத்தில் கைக்கு வந்த பிள்ளை. வீட்டில் காடி கிடையாது.

இருந்த பழைய கஞ்சிலை விற்றுவிட்டார்கள். இன்னொன்று வாங்கினால் கட்ட வேண்டிய மாதத் தவணையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளமும் ஏறக்குறைய ஒரே தொகை. பார்த்துக்கொள்ள ஆள்தான் முக்கியம் என்று முடிவு செய்தார்கள். சொந்தக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. "பெத்த பிள்ளைன்னா பரவால்ல, கேட்டு வாங்கின பிள்ளைய பஸ்ல இழுத்துக்கிட்டு அலையலாமா?" என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டாராம்.

சட்டம் அப்படிக் கேட்பதில்லை. நம் தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இரண்டு வழி. 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். இதற்குப் பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது நம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். அல்லது அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டப்படி தேசியப் பதிவு இலாகாவில் பதியலாம். அதற்கு இரண்டு ஆண்டு. நீதிமன்ற ஆணை கிடைத்தால், வாரிசுரிமை உட்பட, பெற்ற பிள்ளைக்குள்ள இடம் கிடைக்கும். பதிவு அவ்வளவு தூரம் போகாது. எந்த வழியில் போனாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். காடி வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

தோழி நீதிமன்ற வழியை எடுத்தாள். பிள்ளையின் நலனைப் பார்த்து அறிக்கை கொடுக்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ராத்திரியில் காய்ச்சல் கண்டால் என்ன செய்வீர்கள் என்றார். அவள் குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். வேன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அங்கிள், எதிர் வீட்டு மலாய்க்கார அக்கா, கிராப், 999 என்று வரிசையாக எழுதி ஒட்டியிருந்தாள். சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு எத்தனை வெள்ளி ஆகும், பகலில் எவ்வளவு, ராத்திரியில் எவ்வளவு என்பதுகூட அதில் இருந்தது. காடி வைத்திருக்கிற எத்தனை வீட்டில் இப்படி ஒரு தாள் இருக்கும்? என் வீட்டில் இல்லை.

அந்தத் தாளில் எழுத முடியாத சிரமம் ஒன்று உண்டு. மகள் சீனமுகம். காடியில் போகிற குடும்பத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, கண்ணாடி ஏற்றினால் முடிந்தது. பஸ்ஸில் அப்படி இல்லை. நான் இருந்த இரண்டு நாளில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "யார் பிள்ள இது?" "பார்த்துக்கிறீங்களா?" மூன்றாவது ஆள், பிள்ளை காதுபடவே, அம்மா எங்கே என்று கேட்டார். தோழி குரலை உயர்த்தவில்லை. "நாந்தாங்க அம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் போத்தலைத் திறந்து மகளிடம் நீட்டினாள். சின்னதிலிருந்தே அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டார்களாம். "நான் சொல்லலைன்னா பஸ்ல யாராச்சும் சொல்லிடுவாங்கடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. பட்டணத்தில் ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போனோம், மறுபடி பஸ். பிராகாரத்தில் சேலையும் பொட்டுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவரும் சீனமுகம். பேச்சு மட்டும் சுத்தமான தோட்டத்துத் தமிழ். நம் வாசகர்கள் பலருக்கு இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இருப்பார். போருக்கு முன்னும் பின்னும், வறுமையாலும் ஜாதக பயத்தாலும் பெண் என்பதாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பிள்ளைகளை லயத்துத் தமிழர்கள் வாங்கி வளர்த்தார்கள். பலருக்குத் தாள் எதுவும் இருக்கவில்லை, வாய்ச்சொல்தான். அடையாள அட்டைக்காகப் பிறகு அலைந்தவர்கள் நிறைய. அந்த வீடுகளில் காடியைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம்.

பாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளினார். யார் பிள்ளை என்று கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டார். பிறகு தோழியிடம், "பேர் எழுதிட்டியா? தாள்லாம் சரியா இருக்கா?" என்றார். ஆணை வந்துவிட்டது என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய தாள் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரேடியோவில் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவள் நான்.

காடி இல்லாமல் பிள்ளை வளர்ப்பது சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றோம். நிறுத்தத்தில் நிழல் இல்லை. தூங்கிப்போன நான்கு வயதுப் பிள்ளை பதினைந்து கிலோ அரிசி மூட்டை கனம். வளர்ப்புப் பெற்றோர் வேண்டும், நல்ல மனசுக்காரர்கள் முன்வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு தடவை அந்த நிறுத்தத்தில் நின்று பார்க்கலாம்.

மாசாய் நெருங்கும்போது பிள்ளை விழித்துக்கொண்டது. மணி அடிப்பது எப்போதும் அவள் வேலையாம். அன்றைக்கு முன் இருக்கைப் பையன் முந்திக்கொண்டு அடித்துவிட்டான். வீட்டு வாசல் வரைக்கும் எங்கள் யாரோடும் பேசவில்லை.