உடுவில் மிஷன் வளவிலே

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் மருதனார்மடம் சந்தியை அடைகிறோம். தெருவின் இருமருங்கிலும் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் பருவத்துக்கேற்ப மாறி மாறித் தலைகாட்டுகின்றன. துலா மிதிப்போர் பாட்டு ஓய்ந்து, நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்கும் காலம் இது. ஆயினும் வேலிகளும் பனைகளும் பழைய யாழ்ப்பாணத்தை இன்னும் நினைவூட்டுகின்றன. இச்சந்திக்கு அண்மையிலேதான் உடுவில் என்னும் ஊர் இருக்கின்றது. உடுவில் மகளிர் கல்லூரி 2024 ஆம் ஆண்டிலே தனது இருநூறாவது ஆண்டை நிறைவு செய்தது.

கல்லூரியின் வரலாற்றை அறிந்தோர் பலர். அக்கல்லூரி ஒரு வீட்டிலிருந்து வளர்ந்தது என்பதையும், அவ்வீட்டிலே ஒரு தம்பதியர் தமது முதுமைக் காலம் வரை நாள்தோறும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் நினைப்போர் சிலரே. அவர்களைப் பற்றியே இங்கு சிறிது கூற விரும்புகிறோம்.

லீவை ஸ்போல்டிங் ஐயர் 1791 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூ ஹம்சயர் மாநிலத்திற் பிறந்தவர். அவருடைய மனைவியார் மேரி கிறிஸ்தி அம்மையாரும் அம்மாநிலத்தவரே. கணவரிலும் நான்கு வயது இளையவர். இருவரும் 1819 ஆம் ஆண்டிலே பொஸ்தன் துறைமுகத்திற் கப்பலேறி, கல்கத்தா வழியாக 1820 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். வின்சிலோ ஐயர், வூட்வேட் ஐயர், ஸ்கடர் வைத்தியர் ஆகியோர் அவர்களுடன் வந்தோர். டானியேல் பூவர் ஐயர் முதலானோர் 1816 ஆம் ஆண்டிலேயே வந்து தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியிருந்தனர்.

இவர்கள் வந்த அதே ஆண்டில், இனிமேல் அமெரிக்க மிஷனரிமார் எவரும் புதிதாக வரலாகாது என்று அரசாங்கம் தடை விதித்தது. அச்சியந்திரத்தை இயக்குவதற்கென வந்த அச்சுத் தொழிலாளரும் திருப்பி அனுப்பப்பட்டார். அத்தடை 1833 ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக, இறந்தவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. நோயுற்றவரின் சுமையை ஏற்கவும் ஆளில்லை. இருந்த சில குடும்பங்களே எல்லாப் பணிகளையும் தம்முள் பங்கிட்டுக்கொண்டன. ஸ்போல்டிங் தம்பதியர் முதலில் மானிப்பாயிற் பணி செய்தனர். அவர்கள் உடுவிலுக்கு வந்தது 1833 ஆம் ஆண்டிலேதான். அவ்வருகைக்குக் காரணம் ஒரு துயரம்.

உடுவில் மிஷன் வீட்டில் அதற்கு முன் வாழ்ந்தவர்கள் வின்சிலோ ஐயரும் அவருடைய மனைவியார் ஹரியற் அம்மையாரும். போர்த்துக்கேயர் காலத்திற் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த தேவாலயங்களையும் அவற்றைச் சார்ந்த வீடுகளையும் திருத்திக் குடியிருக்க அரசாங்கம் அமெரிக்க மிஷனரிமாருக்கு இடமளித்திருந்தது. அத்தகைய வளவொன்றிலே 1824 ஆம் ஆண்டில் ஹரியற் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கினார்.

அதன் தொடக்கம் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. தையல் பழக வந்த இரு சிறுமியர் ஒரு மாரிக்கால மாலையில் பெருமழையால் வீடு திரும்ப முடியாது போயினர். பசியால் அழுத பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துப் படுக்கவும் இடங்கொடுத்தார் அம்மையார். மறுநாள் பெற்றோர் கோபித்தனராம்: அந்நியர் வீட்டிற் சோறுண்ட பிள்ளைகளை இனி யார் ஏற்பார்? நீங்களே வைத்து வளருங்கள் என்றனராம். கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், அது காட்டும் சமூக நிலை உண்மையானது. மிஷன் நிலத்திற் சமைத்த உணவை உண்பதற்கு அக்காலத்து ஆண் மாணவரும் மறுத்ததுண்டு. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பதே அன்று ஊரின் கேள்வியாக இருந்தது.

ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்த இவ்வீட்டார் தாம் பெற்ற பிள்ளைகளைப் பிரிய நேர்ந்தது. கல்வியை முன்னிட்டு அமெரிக்க மிஷனரிமார் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பி வைத்தனர். வின்சிலோ தம்பதியரின் மகன் சாள்ஸ் அவ்வாறு சென்று, 1832 ஆம் ஆண்டில், பதினொரு வயதளவில், நியூயோர்க்கில் இறந்தான். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலே தாயும் உடுவிலில் உயிர் நீத்தார். தாயை இழந்த அவ்வீட்டுக்கும் பாடசாலைக்கும் பொறுப்பேற்கவே ஸ்போல்டிங் தம்பதியர் வந்தனர். வந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே தங்கினர்.

அவர்களுடைய நாள் எவ்வாறு கழிந்திருக்கும்? மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பொஸ்தனிலிருந்து வெளிவந்த சங்கத்தின் மாத இதழில் அச்சாயின. அவற்றைப் படிப்போர்க்கு அக்காலத்து மிஷன் வீட்டின் நாளொழுங்கு ஓரளவு தெளிவாகின்றது.

வெயில் ஏறுமுன் செய்யக்கூடியவற்றைச் செய்து முடிப்பதே இந்நாட்டிலே வாழ வந்த குளிர்நாட்டார் முதலிற் கற்ற பாடம். விடியலில் வீட்டாரும் வேலையாட்களும் பிள்ளைகளும் கூடி வழிபாடு செய்வர். அதன்பின் ஐயர் குதிரையேறிக் கிராமப் பாடசாலைகளைப் பார்க்கப் புறப்படுவார். மணல் ஒழுங்கைகளும் வெள்ளவாய்க்கால்களுமே அன்று பல ஊர்களுக்கு வழி. ஓலைக் கொட்டிலொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவர்; சற்று வளர்ந்தவர் ஏட்டில் எழுதுவர். கற்பிக்கும் சட்டம்பியார் பெரும்பாலும் சைவராகவே இருந்தார். மிஷன் பாடசாலையிற் சைவர் கற்பித்தார் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். தமிழை நன்கு கற்பிக்கக்கூடியவர் அவரே. அவரின்றிப் பாடசாலை இல்லை. அந்நிய நாட்டார் ஊரை நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது.

அம்மையாரின் காலைப்பொழுது வளவுக்குள்ளேயே கழியும். இன்று ஒரு விடுதிப் பாடசாலையிலே அதிபர், விடுதிப் பொறுப்பாளர், தாதி, தையல் ஆசிரியை, கணக்காளர் என ஐவர் பார்க்கும் வேலையை அன்று வீட்டுத்தலைவியே பார்த்தார். நெல் வாங்குவது முதல் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பது வரை எல்லாம் அவர் கண்முன்னே நடைபெற வேண்டும். பிள்ளைகள் வாசிப்பும் எழுத்தும் எண்ணும் பூமிசாத்திரமும் கற்றனர். வேதபாடம் முதன்மையாக இருந்தது. தையலும் வீட்டு வேலையும் அதனுடன் சேர்ந்தவை. மகளைக் காண வரும் தாய்மாரோடு பேசுவதும் ஒரு பெரும் பணி. எழுத்தறியாத தாயொருத்தி தன் மகள் ஏட்டைப் பார்த்து வாசிப்பதைக் கேட்டுத் திரும்பும்போது, ஊரின் அந்தப் பழைய கேள்விக்கு மறுமொழியும் அவளுடன் ஊருக்குள்ளே சென்றது.

நண்பகல் வெயிலில் ஐயர் மேசையருகே அமர்வார். தமிழை அவர் வெறும் பிரசங்கத்துக்கு மட்டும் கற்கவில்லை. தமிழிலே ஞானப்பாட்டுக்கள் இயற்றினார். பாடநூல்களும் சிறு பிரசுரங்களும் எழுதினார். 1842 ஆம் ஆண்டில் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த தமிழ் அகராதி அவருடைய உழைப்பால் நிறைவெய்தியது. நைற் ஐயர் தொடங்கி வைத்த வேலை அது. சந்திரசேகர பண்டிதர் அதிலே பெரும்பங்கு கொண்டார். மானிப்பாய் அகராதி எனவும் யாழ்ப்பாண அகராதி எனவும் வழங்கும் அந்நூலில் 58,000 க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஒரு பண்டிதரும் ஒரு பாதிரியாரும் சொல் சொல்லாக ஆராய்ந்து இருந்த நண்பகல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெயில் தாழ்ந்தபின் வீடுவீடாகச் செல்லுதல், இரவிலே நிலாக்காலமாயின் ஊர்த் திடலிற் கூட்டம் நடத்துதல், மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லா மிஷன் குடும்பங்களும் கூடிப் பிரார்த்தித்தல் என ஏனைய கடமைகள் தொடர்ந்தன. இரவு விளக்கின் கீழே கடிதம் எழுதுவர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பலில் அது அமெரிக்கா சேரப் பல மாதங்கள். மறுமொழி வரவும் அத்தனை மாதங்கள். பிள்ளைக்கு நோய் என்று படிக்கும்போது, அப்பிள்ளை சுகம்பெற்று ஓடியாடலாம். அல்லது இல்லாமலே போயிருக்கலாம். 1869 ஆம் ஆண்டிலே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது ஸ்போல்டிங் ஐயருக்கு வயது எழுபத்தெட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. சங்கத்தின் பழைய பட்டியல்களிலே கணவரே மிஷனரி. மனைவியோ ‘உதவி மிஷனரி’. பல ஏடுகளில் அவருடைய சொந்தப் பெயர் கூட இல்லை. கணவரின் பெயருக்கு முன் ‘திருமதி’ என்றொரு சொல் மட்டுமே உண்டு. பிரசங்கமும் அகராதியும் அச்சேறின. காய்ச்சிய கஞ்சி அச்சேறவில்லை. ஆனால் இருநூறு ஆண்டுகள் கடந்தும் உடுவில் வளவில் நிலைத்து நிற்பது எது? அடுக்களையிலும் தையற் பாயிலும் தொடங்கிய அந்தப் பாடசாலையே. 1840 ஆம் ஆண்டில் எலிசா அக்னியூ அம்மையார் வந்து பாடசாலையை ஏற்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார். தாயும் மகளும் பேர்த்தியும் அவரிடம் கற்றனர். ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று அவரைப் போற்றினர். அப்பெரும் பணிக்குப் பக்கத் துணையாக ஸ்போல்டிங் தம்பதியர் வளவிலே இருந்தனர்.

இவர்களுடைய பணியிலே குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. மதம் மாற்றுவதே தமது நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியோரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டினர். படித்து முடித்த பெண்ணுக்குச் சீதனம் கொடுத்துக் கிறிஸ்தவருக்கு மணமுடித்து வைத்தனர். 1855 ஆம் ஆண்டிலே பொஸ்தனிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. கல்வியை ஊரார் விரும்பிய அளவுக்குச் சங்கம் விரும்பவில்லை என்பது அன்று வெளிப்பட்டது. இவற்றையெல்லாம் கண்ட ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். உடுவிலுக்குக் கூப்பிடு தூரத்திலே, மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிலே சைவப் பெண்களுக்கென ஒரு விடுதிக் கல்லூரியை அமைத்தார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவிய அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார் அதைப் பேணி வளர்த்தார்.

எதிர்ப்பில் எழுந்தவை என்று இவற்றைச் சொல்லலாம். ஆயினும் பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரிலே, எந்தப் பாடசாலைக்குப் பெண்ணை அனுப்புவது என்று ஆராயும் காலம் வந்துவிட்டது. இந்த மாற்றத்திலே இரு சமயத்தாருக்கும் பங்குண்டு.

1855 ஆம் ஆண்டில் பூவர் ஐயரை வாந்திபேதி மானிப்பாயிலே கொண்டுபோயிற்று. உடன் வந்தோர் இறந்தும் இடம் மாறியும் போயினர். ஸ்போல்டிங் தம்பதியர் மட்டும் உடுவிலில் மூத்தனர். அவர்களிடம் சிறுமியராகக் கற்றோர் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வளவுக்குள் வருமளவுக்குக் காலம் சென்றிருந்தது. 1873 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, எண்பத்திரண்டாவது வயதில், ஐயர் உடுவிலில் இறந்தார். அம்மையார் அடுத்த ஆண்டிலே அவரைப் பின்தொடர்ந்தார்.

மிஷனரிமாரின் வரலாற்றைப் படிப்போர் அவர்கள் கட்டிய கட்டடங்களையும் எழுதிய நூல்களையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். உடுவில் வளவு நமக்கு உணர்த்துவது வேறு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக ஒரே மண்ணிலே, ஒரே அயலாருடன், விடியல் முதல் விளக்கணைக்கும் வரை ஒரே ஒழுங்கைக் கைவிடாது இருந்தமையே அத்தம்பதியர் செய்த பெருஞ்செயல். வந்த நோக்கத்தில் ஊரார் எல்லோரையும் அவர்கள் வெல்லவில்லை. ஆனால் ஊரார் தம் பெண் பிள்ளைகளை நம்பி அவர்களிடம் விட்டனர். இன்று மாலை மணியடித்ததும் வெள்ளைச் சீருடையுடன் அந்த வாயிலால் வெளிவரும் மாணவியருள் சைவர் யார், கிறிஸ்தவர் யார் என்று பார்த்த மாத்திரத்திற் சொல்ல முடியாது. அவர்கள் எல்லோர் கையிலும் புத்தகம் இருக்கின்றது.