அரை டேங்க்ல நின்னுபோற ஏரோப்ளேன்

கிணத்து மோட்டாரை நம்பி விவசாயம் பண்றவங்களுக்கு ஒரு விசயம் நல்லாத் தெரியும். தண்ணியைத் தள்ளுற பக்கம் குழாய்ல ஓட்டை இருந்தா பீச்சி அடிக்கும், தூரத்துல இருந்தே பாத்துரலாம். இழுக்குற பக்கம் ஓட்டை இருந்தா ஒரு சொட்டுகூட வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். மோட்டார் பாட்டுக்கு ஓடும், தண்ணி வராது. "காத்து இழுக்குது"ன்னு சொல்லுவோம்.

இந்த ஞானம் ஒரு ஏரோப்ளேனுக்கு உதவுமுன்னு நான் நினைச்சதே இல்லைங்க.

என் தங்கச்சி பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருசம் படிக்கிறான். அவனும் கூட்டாளிக ரெண்டு பேரும் சேந்து ஒரு மாடல் ஏரோப்ளேன் செஞ்சிருக்காங்க. கடலை புடுங்கின காடு ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்குது, மேல கரண்டு கம்பியும் இல்லை, அங்க ஓட்டிப் பழகிக்கிறோம் மாமான்னு வந்தாங்க. பத்து நாள்ல போட்டி. ஏற்கெனவே ஒருதடவை மேல போனப்ப எஞ்சின் நின்னு, கீழ விழுந்து றெக்கை ஒடிஞ்சு, ரெண்டு வாரம் உக்காந்து பால்சா கட்டையில மறுபடி செஞ்சிருக்காங்க. இன்னொருக்கா விழுந்தா போட்டி அவ்வளவுதான். மாப்பிள்ளைகிட்ட புது எஞ்சினுக்குக் காசு கேட்டதுக்கு, "படிக்கப் போனியா, பட்டம் விடப் போனியா"ன்னு கேட்டிருக்கார்.

எஞ்சின் உள்ளங்கையில அடங்கிரும். ஏழரை சிசி. ஆனா நிமிசத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்துது. நம்ம பவர் ஸ்ப்ரேயர் மாதிரி டூ ஸ்ட்ரோக்தான், ஆனா பெட்ரோல் இல்லை, மெத்தனால். அதுலயே ஆயிலையும் கலந்துதான் ஊத்தணும். ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலா குளோ பிளக்னு ஒண்ணு. அதுக்குள்ள சன்னமான ஒரு பிளாட்டினம் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரி வெச்சுப் பழுக்கக் காய வெக்கிறாங்க. எஞ்சின் ஓட ஆரம்பிச்சிட்டா மெத்தனால் பட்டுப் பட்டு அதுவே அணையாம இருந்துக்குது.

ஓடவிட்டதும் வந்த வாசம் எனக்குத் தெரிஞ்ச வாசம். "விளக்கெண்ணெயா மாப்ளே?"ன்னு கேட்டேன். ஆமாங்க மாமான்னான். கடலைக் காட்டுல புழுவுக்குக் காவலா வரப்போரம் நடுறோமே ஆமணக்கு, அந்தக் கொட்டமுத்து எண்ணெய்தான். அந்தச் சூட்டுலயும் வழவழப்புப் போகாதாம்.

பிரச்சினை இதுதான். டேங்க் ரொப்பி விட்டா ஜோரா மேல ஏறுது. நாலு நிமிசம் ஆனா சத்தம் மெலிஞ்சு கீச்சுனு ஏறுது, அப்புறம் பொசுக்குனு நிக்குது. பசங்க சும்மா இல்லை. பிளக்கை ரெண்டு தடவை மாத்திட்டாங்க. மெத்தனால் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும், அதனால பழசைக் கொட்டிட்டுப் புது எரிபொருளும் ஊத்தியாச்சு. டேங்க் அதிர்ந்து நுரைக்காம இருக்க சுத்தியும் பஞ்சு வெச்சிருக்காங்க. டேங்கைக் கழட்டி, சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்குற மாதிரி பக்கெட் தண்ணியில முக்கி ஊதிப் பாத்தாங்க. ஒரு முட்டைகூட வரலை. எரிபொருள் பத்தலையோன்னு நீடிலைத் திறந்து வெச்சா, ஆரம்பத்துல புகையாக் கக்கிட்டு, அதே நாலாவது நிமிசத்துல நிக்குது. கடைசியா எஞ்சினே போச்சுன்னு முடிவு பண்ணி, அதைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டாங்க.

"அதைத் தொடாதீங்க கண்ணுகளா. நிக்குறப்ப டேங்க்ல எவ்வளவு இருக்குது?"ன்னு கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வானத்துல பறக்குறதோட டேங்கை யார் பாத்தா?

முளைக்குச்சி அடிச்சு, தாம்புக் கயித்துல வாலைக் கட்டித் தரையிலயே ஓடவிட்டோம். வெள்ளை பிளாஸ்டிக் டேங்க், மட்டம் வெளிய தெரியுது. நான் பின்னாடி உக்காந்து அதையே பாத்துட்டு இருந்தேன். சரியாப் பாதிக்கு இறங்கினதும் எஞ்சினுக்குப் போற டியூப்ல பொடிப்பொடியா முட்டை. சத்தம் மெலிஞ்சுது, நின்னுது. ரொப்பிவிட்டா மறுபடி ஜோரா ஓடுது. மறுபடி பாதியில நிக்குது.

எங்க கிணத்துல சித்திரை மாசம் நடக்குறதும் இதேதான். இழுக்குற குழாய்ல ஒரு ஓட்டை இருக்கும். தண்ணி அந்த ஓட்டைக்கு மேல நிக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அது வழியாவும் தண்ணிதானே போகுது. மட்டம் அதுக்குக் கீழ இறங்கின நாள்தான் காத்து இழுக்கும். அப்ப மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லுறவங்க இருக்காங்க. எத்தனை அடியில நின்னுதோ அந்த அடியிலதான் ஓட்டை.

"டேங்குக்கு உள்ள, பாதி உசரத்துல என்ன இருக்குது?"ன்னு கேட்டேன். தங்கச்சி பையன் டக்குனு நிமிந்தான். முன்னாடி ரப்பர் அடைப்பு இருக்குது. அதுல ஒரு பித்தளைக் குழாய் நடு உசரத்துல உள்ள வருது. அதோட முனையில சிலிக்கான் டியூப், டியூப் நுனியில ஒரு கனமான குண்டு. ப்ளேன் எப்படிச் சாஞ்சாலும் எரிபொருள் இருக்குற பக்கம் குண்டு விழும், அங்கிருந்து உறிஞ்சும். அடைப்பை உருவி டியூபை மடக்கிப் பாத்தான். பித்தளை வாய்கிட்ட பிளேடு வெச்ச மாதிரி ஒரு கீறல். குழாயை அறுத்த பிசிறைத் தேய்க்காம விட்டதுல, அதிர்ந்து அதிர்ந்து அறுத்திருக்குது. பக்கெட் தண்ணியில இது தெரியாது. வெளிய ஒழுகுனாத்தானே முட்டை வரும்? இது உள்ளுக்குள்ளயே நடக்குற திருட்டு.

உப்புத்தாள்ல பிசிறைத் தேய்ச்சு, மூணு இஞ்சு புது டியூப் போட்டோம். செலவு ஒரு டீக்காசு.

அப்புறம் நீடிலைப் புதுசா வெக்கணும். முழு வேகத்துல வெச்சு, மூக்கை மேல தூக்கிப் பாக்குறாங்க. சத்தம் கொஞ்சம் ஏறினா சரி, தொங்கிப்போனா எரிபொருள் பத்தலைன்னு அர்த்தம், கொஞ்சம் திறக்கணும். உச்ச வேகத்துக்கு ஒரு பிடி கம்மியாவே வெக்கிறது நல்லது. ஆயில் எரிபொருளோடதான் வருது. எரிபொருள் கொறைஞ்சா ஆயிலும் கொறையும், பிஸ்டன் தேஞ்சு புடிச்சுக்கும். அந்தக் கீறலோட இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா எஞ்சின் நெசமாவே போயிருக்கும்.

வீட்டுல இதை ஓட்டுற பசங்க இருந்தா ரெண்டு விசயம் சொல்லி வையுங்க. மெத்தனால் விசம், கையில படவிடக் கூடாது. பகல்ல அதோட தீ கண்ணுக்கே தெரியாது, பக்கத்துல தண்ணி வாளி வேணும். சுத்துற விசிறிக்கு முன்னாடியும் பக்கத்துலயும் நிக்கவே கூடாது.

அன்னிக்குச் சாயங்காலம் எட்டு நிமிசம் பறந்துது. காட்டைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, டேங்க் தீர்றதுக்கு முன்னாடியே பதமா இறக்கிட்டான். கொக்குகதான் பாவம், அன்னிக்கு எங்க காட்டுப் பக்கமே வரலை.

டவுன்ல இருக்குற நீங்க ஏரோப்ளேன் ஓட்டுவீங்களோ என்னமோ, வீட்டுல சம்ப்பும் மோட்டாரும் இருக்கும். சம்ப் நிறைய இருந்தா தண்ணி ஏறுது, பாதி இறங்குனா ஏற மாட்டேங்குதுன்னா, மோட்டாரைக் கழட்டி காயில் கட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, தண்ணி எந்த மட்டத்துல இருக்குறப்ப நிக்குதுன்னு பாருங்க. அந்த உசரத்துல குழாய்ல ஒரு ஜாயின்ட் இருந்தா, முதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்க.